போத்தலில் இருப்பது என்ன?



ஆண்டுத் தொடக்கத்தில் முதன்முறையாக அறிவியல் ஆய்வுக்கூடத்திற்குள் நுழைகிறீர்கள். ஆசிரியர் உங்களை முதலில் என்ன செய்யச் சொல்வார்? சுவரில் தொங்கும் விதிமுறைப் பலகையைப் பார்த்து ஏட்டில் எழுதச் சொல்வார். ஓடக் கூடாது. எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது. அனுமதியின்றி எந்தப் பொருளையும் தொடக் கூடாது. வேலை முடிந்ததும் கையைக் கழுவ வேண்டும். எழுதி முடித்ததும் ஏட்டை மூடிவிடுவீர்கள். அடுத்த வாரம் நுண்ணோக்கி, அதற்கடுத்த வாரம் பன்சன் அடுப்பு என்று பாடம் ஓடத் தொடங்கிவிடும்.

அந்தப் பலகையில் 'கூடாது' என்ற சொல் பல முறை வருகிறது. 'ஏன்' என்ற சொல் ஒரு முறைகூட வருவதில்லை. காரணம் தெரியாத விதி, தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோகும். ஆகவே இந்த வாரம் நாம் 'ஏன்' என்பதைப் பார்ப்போம். இது உங்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. ஆசிரியர்களும் ஆய்வுக்கூட உதவியாளர்களும் திரும்பத் திரும்பப் பயில வேண்டிய பாடம். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சொல்கிறேன்.

நான் குடிக்கப் போன தண்ணீர்

கற்பித்தல் பட்டயம் பெற்று, வேறோர் ஊரில் ஆசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டு அது. ஒரு நண்பகல் வேளை. இரண்டு வகுப்புகளுக்குப் பரிசோதனை நடத்திவிட்டு, தாகத்தோடு ஆய்வுக்கூடத்தின் ஆயத்த அறைக்குள் நுழைந்தேன். மேசையின் ஓரத்தில் ஒரு கனிமநீர் போத்தல். பாதி நிறைந்திருந்தது. தெளிவான நீர். எடுத்து மூடியைத் திருகினேன்.

"சிக்கு, அது தண்ணி இல்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆய்வுக்கூட உதவியாளர். என்னைவிட இருபது வயது மூத்தவர். விரைந்து வந்து போத்தலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதில் இருந்தது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல். முந்தைய வாரம் பரிசோதனையில் மீந்ததை யாரோ அதில் ஊற்றி வைத்திருந்தார்கள்.

அந்த 'யாரோ' நான்தான். வேறு போத்தல் கிடைக்கவில்லை, மறுநாள் பெயர் எழுதி ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து வைத்தேன், மறந்தும் போனேன். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வாயில் படும்வரை அது தண்ணீரைப் போலத்தான் இருக்கும். பட்ட பிறகு வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோகும்.

விதிமுறைகளை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவன் நான். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மீந்த கரைசலை என்ன செய்வது, எதில் ஊற்றுவது, உடனே என்ன எழுதி ஒட்டுவது என்று யாரும் என்னை ஒரு முறையாவது செய்துகாட்டச் சொன்னதில்லை. தெரிந்திருப்பது வேறு, பழகியிருப்பது வேறு என்பதை அன்று அந்த உதவியாளரிடம் கற்றேன்.

தோட்டத்தில் நடந்த பெரிய பாடம்

இது பள்ளிக்கூடத்துக் கதை மட்டும்தானா? இல்லை. காஹாங்கில் எங்கள் பள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். அங்கே களைக்கொல்லி அடிப்பவர்களில் நம் அம்மாக்களும் பாட்டிகளும் இருந்திருக்கிறார்கள். 'மருந்து அடிக்கப் போறேன்' என்று சொல்வார்களே, அந்த மருந்து.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரப்பர் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் பல்லாண்டுக்காலம் பயன்பட்டது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. அடர்கரைசலில் ஒரு சிறு மிடறு உள்ளே போனாலும் நுரையீரலைச் சிதைத்து உயிரைப் பறிக்கக்கூடியது. அடர்கரைசல் பழுப்பு நிறமாக இருந்தது. பெரிய கலனிலிருந்து கொஞ்சமாகப் பிரித்து, காலியான குளிர்பான போத்தல்களில் ஊற்றி எடுத்துச் செல்வார்கள். வீட்டு மூலையில் அந்தப் போத்தலைப் பார்க்கும் குழந்தையோ, வேலை முடிந்து களைத்து வரும் பெரியவரோ அதை என்னவென்று நினைப்பார்கள்? பல நாடுகளில் இப்படிப் பலர் தெரியாமல் குடித்து இறந்திருக்கிறார்கள்.

அதனால் பின்னாளில் அந்தக் கரைசலில் மூன்று பொருள்களைச் சேர்த்தார்கள். பானமில்லை என்று கண்ணுக்குத் தெரிய நீல நிறச் சாயம். மூக்குக்குத் தெரிய ஒரு துர்நாற்றம். தப்பித் தவறி விழுங்கினால் வெளியே வந்துவிட ஒரு வாந்தி மருந்து. ஒரு பொருள் தவறான போத்தலுக்குள் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? மலேசியாவில் 2002இல் பாராகுவாட்டைத் தடைசெய்ய முடிவெடுத்தார்கள். 2006இல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி 1 முதல் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது.

பாராகுவாட் போய்விட்டது. குளிர்பான போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் போய்விட்டதா? வெளிற்றும் திரவம், மண்ணெண்ணெய், தின்னர், உரக்கரைசல் என்று உங்கள் வீட்டுப் பின்புறத்தில் எத்தனை போத்தல்கள் பெயரின்றி நிற்கின்றன? இன்று மாலை எண்ணிப் பாருங்கள்.

'இரசாயனச் சுகாதாரம்' என்றால் என்ன?

சுகாதாரம் என்றதும் பல் துலக்குவது, கை கழுவுவது, நகம் வெட்டுவது நினைவுக்கு வரும். நோய்க்கிருமி உடலுக்குள் நுழையாமல் அன்றாடம் செய்யும் சிறு வேலைகள் அவை. இரசாயனச் சுகாதாரமும் அப்படித்தான். இரசாயனப் பொருள் நம் உடலுக்குள் நுழையாமல் அன்றாடம் கடைப்பிடிக்கும் பழக்கங்கள்.

1990இல் அமெரிக்கா ஆய்வுக்கூடங்களுக்கென்றே ஒரு விதிமுறையைக் கொண்டுவந்தது. ஒவ்வோர் ஆய்வுக்கூடமும் எழுத்து வடிவில் ஓர் இரசாயனச் சுகாதாரத் திட்டம் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும். வேலைக்கு வருபவர் அபாயமான பொருளைத் தொடும் முன்னரே பயிற்சி பெற வேண்டும். அந்தச் சொல் உலகெங்கும் பரவியது அதன் பிறகுதான்.

ஒரு பொருள் உடலுக்குள் நுழைய நான்கு வாசல்கள் இருக்கின்றன.

மூக்கு: ஆவியும் தூசியும் மூச்சோடு உள்ளே போகின்றன. ஆகவேதான் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் புகை இழுக்கும் பெட்டிக்குள், அதாவது உங்கள் பாடநூலில் 'கெபுக் வாசாப்' என்று வருகிறதே, அதற்குள் வைத்துத் திறக்கிறோம். மணத்தை அறிய வேண்டுமானால் போத்தலை மூக்கருகே கொண்டுபோகாமல், கையால் விசிறி முகர்கிறோம்.

தோலும் கண்ணும்: சில பொருள்கள் தோலை எரிக்கும். வேறு சில, எரிச்சலே தராமல் ஊடுருவிப் போகும்.

வாய்: யாரும் வேண்டுமென்றே அமிலம் குடிப்பதில்லை. கழுவாத விரலால் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கிறோம்; பேனா முனையைக் கடிக்கிறோம். அப்படித்தான் போகிறது.

காயம்: உடைந்த சோதனைக் குழாயின் விளிம்பு கையைக் கிழித்தால், கண்ணாடியில் ஒட்டியிருந்த பொருள் நேரே இரத்தத்தில் கலக்கிறது.

சுவரில் இருக்கும் ஒவ்வொரு விதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இந்த நான்கில் எந்த வாசலை அடைக்கிறது என்று கேளுங்கள். 'ஏன்' என்பதற்குப் பதில் தானாக வந்துவிடும்.

இரண்டு ஆய்வாளர்கள்

ஷெஹர்பானோ சாங்ஜி 23 வயதுப் பெண். பட்டம் பெற்ற அதே ஆண்டு, லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தார். 2008 டிசம்பர் 29ஆம் நாள், காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பற்றும் ஒரு லித்தியம் சேர்மத்தைப் பிளாஸ்டிக் ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தார். உறிஞ்சுதண்டு கழன்று வெளியே வந்தது. திரவம் சிதறித் தீப்பற்றியது. அவர் ஆய்வுக்கூட அங்கி அணிந்திருக்கவில்லை. அணிந்திருந்த செயற்கை இழைக் கம்பளிச்சட்டை எரிந்து உருகி உடலில் ஒட்டியது. பதினெட்டு நாள்கள் போராடி, 2009 ஜனவரி 16ஆம் நாள் இறந்தார். விசாரித்த அதிகாரிகள், அவருக்குத் தகுந்த பயிற்சியும் பாதுகாப்பு உடையும் கொடுக்கப்படவில்லை என்று கண்டறிந்து பல்கலைக்கழகத்திற்கு அபராதம் விதித்தார்கள். ஆய்வுக்குழுவின் தலைவரான பேராசிரியர் மீது குற்றவியல் வழக்கும் வந்தது. 2014இல் அது உடன்பாட்டில் முடிந்தது.

இன்னொருவர் கேரன் வெட்டர்ஹான். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். நச்சு உலோகங்களைப் பற்றி ஆராய்வதே அவருடைய துறை. கவனக்குறைவானவர் அல்லர். 1996 ஆகஸ்டு 14ஆம் நாள், புகை இழுக்கும் பெட்டிக்குள், கையுறை அணிந்துகொண்டுதான் டைமெத்தில் பாதரசத்தைக் கையாண்டார். ஓரிரு துளிகள் அவருடைய ரப்பர் கையுறை மீது விழுந்தன. சில மாதங்கள் எதுவும் தெரியவில்லை. பிறகு நடை தடுமாறியது, பேச்சுக் குழறியது. 1997 ஜூன் 8ஆம் நாள் பாதரச நச்சால் இறந்தார். அந்தக் கையுறையைச் சோதித்தபோது, டைமெத்தில் பாதரசம் சில நொடிகளிலேயே அதை ஊடுருவிவிடும் என்று தெரிந்தது. அதன் பிறகுதான் எந்தப் பொருளுக்கு எந்தக் கையுறை என்ற எச்சரிக்கைகள் மாற்றி எழுதப்பட்டன.

ஒருவருக்கு ஏற்கனவே உலகுக்குத் தெரிந்திருந்ததைச் சொல்லித் தரவில்லை. மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது அன்று உலகுக்கே தெரிந்திருக்கவில்லை. பயிற்சியை ஏன் ஒரு முறையோடு நிறுத்தக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு மரணங்களும் போதும். புதிதாக வருபவருக்குப் பழையதைச் சொல்ல வேண்டும். பழையவருக்குப் புதியதைச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

1991 மே 7ஆம் நாள் சிலாங்கூர், சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. 26 பேர் இறந்தார்கள். நாட்டையே உலுக்கிய விபத்து அது. 1994இல் 'தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம்' நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு முதலாளியின் கடமையைச் சொல்கிறது. தகவல், வழிகாட்டுதல், பயிற்சி, மேற்பார்வை ஆகிய நான்கையும் அவர் ஊழியருக்குக் கொடுக்க வேண்டும். 24ஆம் பிரிவு ஊழியரின் கடமையைச் சொல்கிறது. தன் பாதுகாப்பையும், தன் செயலால் பாதிக்கப்படக்கூடிய பிறர் பாதுகாப்பையும் அவர் கவனிக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் சட்டத் திருத்தம் நடப்புக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாக ஓர் ஊழியர் நியாயமாக நம்பி, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு வெளியேறும் உரிமை இப்போது அவருக்கு உண்டு.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? எஸ்.பி.எம். முடிந்த கையோடு வேலைக்குப் போகும் மாணவர்கள் எங்கள் பள்ளியிலும் இருக்கிறார்கள். பாசீர் கூடாங் தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள். சிங்கப்பூர் போகிறார்கள். சிலர் இங்கேயே செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்கிறார்கள். அங்கே என்ன வேலை தெரியுமா? எண்ணெயில் கட்டற்ற கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து, பினோல்ப்தலீன் துளிகள் விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்ப்பது. நீங்கள் நான்காம் படிவ வேதியியலில் செய்யும் அதே தரம்பார்த்தல்தான். எண்ணெய் எவ்வளவு வீணாகிறது என்று பார்க்க ஹெக்சேனால் பிரித்தெடுப்பார்கள். ஹெக்சேன் ஆவி எளிதில் தீப்பற்றும். நெடுநாள் சுவாசித்தால் கை, கால் நரம்புகளைக் கெடுக்கும். முதல் நாள் யாரேனும் 'தம்பி, இதை எடுத்து அதில் ஊற்று' என்று சொன்னால், 'இதற்குரிய பாதுகாப்புத் தரவுத் தாள் எங்கே இருக்கிறது, அண்ணே?' என்று கேட்க உங்களுக்கு வாய் வர வேண்டும். அந்தக் கேள்வி மரியாதைக் குறைவு அல்ல. அது சட்டம் உங்களுக்குத் தந்த உரிமை.

சிவப்புக் கட்டங்களைப் படியுங்கள்

2013இல் வந்த ஒழுங்குமுறையின்படி, வேலையிடங்களுக்கு விற்கப்படும் அபாயமான இரசாயனங்களின் லேபிள் ஒரே சீராக இருக்க வேண்டும். சாய்சதுரத்தில் சிவப்பு ஓரமிட்ட படக்குறியீடு இருக்கும். தீச்சுடர் படம் என்றால் தீப்பற்றும். கையையும் உலோகத்தையும் திரவம் அரிப்பது போன்ற படம் என்றால் அரிக்கும். மண்டையோடு என்றால் கொடிய நச்சு. மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற மனித உருவம் என்றால், புற்றுநோய் போன்ற நெடுநாள் பாதிப்பு. உலகளாவிய முறையில் இப்படி ஒன்பது குறியீடுகள் இருக்கின்றன.

குறியீட்டோடு ஒரு சொல்லும் இருக்கும். 'பஹாயா' என்றால் கடும் அபாயம். 'அமாரான்' என்றால் அதைவிடச் சற்றுக் குறைந்த அபாயம். பொருளோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் எப்போதும் 16 பகுதிகள் இருக்கும். அவற்றுள் நான்காவது முதலுதவி, ஐந்தாவது தீயணைப்பு, ஆறாவது சிந்தினால் செய்ய வேண்டியது. இந்த மூன்று எண்களை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

இந்த லேபிள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். வீட்டில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டியோ, எழுத்தே தெரியாத தாத்தாவோ இருந்தால், அதைப் படித்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அலமாரியில் ஒளிந்திருக்கும் தவறு

எங்கள் பள்ளியில் ஆசிரியர்களும் ஆய்வுக்கூட உதவியாளர்களும் சேர்ந்து பாதுகாப்புப் பயிற்சி செய்கிறோம். யாரும் மேடையேறி உரையாற்றுவதில்லை. அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, 'இங்கே தவறு என்ன?' என்று கேட்பதில் தொடங்குகிறோம். நீங்களும் முயலுங்கள்.

ஓர் ஆய்வுக்கூடத்தில் போத்தல்களை அகர வரிசையில் அழகாக அடுக்கியிருக்கிறார்கள். மலாயில் எல்லா அமிலங்களின் பெயரும் 'அசிட்' என்றுதான் தொடங்கும். எனவே 'அசிட் எத்தனோயிக்', 'அசிட் நைட்ரிக்' எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் எத்தனோயிக் அமிலம் எரியக்கூடியது. நைட்ரிக் அமிலம் வலிய ஆக்சிஜனேற்றி. இரண்டு போத்தலும் உடைந்து கலந்தால் வெப்பமும் தீயும் வரக்கூடும். அதே வரிசையில் அம்மோனியாவும் அருகில் நிற்கும். ஆகவே பெயரைப் பார்த்து அடுக்காமல், ஒன்றோடு ஒன்று சேரக்கூடியவையா என்று பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும். அடர் அமிலம் கண் மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். மேல் தட்டிலிருந்து எடுக்கும்போது தவறினால் முகத்தில்தான் விழும்.

அடுத்த கேள்வி. அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்ய வேண்டும். எதில் எதை ஊற்றுவது? 'அமிலத்தை நீரில்' என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்றால் சிலர் விழிப்பார்கள். அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.84 கிராம். நீரைவிட மிகக் கனமானது. அமிலத்தின் மீது நீரை ஊற்றினால் நீர் மேலேயே நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் பெரும் வெப்பம் வெளிப்படும். சிறிதளவு நீர் கொதித்து, அமிலத்தையும் அள்ளிக்கொண்டு தெறிக்கும். மாறாக, நிறைய நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றினால் அது கீழே இறங்கிக் கலக்கும். வெப்பத்தை அத்தனை நீரும் பகிர்ந்துகொள்ளும்.

தொட்டியில் ஊற்றினால் எங்கே போகும்?

2019 மார்ச் 7ஆம் நாள் அதிகாலை, நம் ஜொகூர் மாநிலத்தின் பாசீர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. லோரியில் கொண்டுவந்து சட்டவிரோதமாகக் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் அருகிலிருந்த பள்ளிகளில் மாணவர்களுக்கு மூச்சுத்திணறல், தலைச்சுற்றல், வாந்தி. சில நாள்களில் பாதிப்பு பரவியது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினார்கள். மார்ச் 13ஆம் நாள் பாசீர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அந்த வாரம் மாணவர்களாக இருந்தவர்கள் எந்தப் போத்தலையும் தொடவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. மூக்கு என்ற வாசல் வழியாக, யாரோ செய்த தவறு அவர்களைத் தேடி வந்தது.

இதற்கும் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கும் என்ன தொடர்பு? ஒரு சிறு தொடர்பு உண்டு. 'யாரும் பார்க்கவில்லை, ஊற்றிவிடு' என்ற எண்ணம் தொட்டியருகேதான் முதலில் முளைக்கிறது. நான்காம் படிவ அறிவியலில் நீங்கள் படிப்பீர்கள்: பி.எச். மதிப்பு 5க்குக் குறைவான, 9க்கு அதிகமான கழிவுகளை நேரே தொட்டியில் ஊற்றக் கூடாது. எண்ணெய், கரிமக் கரைப்பான்கள், ஈயம் போன்ற கன உலோகச் சேர்மங்கள் ஆகியவற்றையும் ஊற்றக் கூடாது. அவற்றுக்கென்று பெயர் ஒட்டிய தனிக் கலன் வேண்டும். சிந்திய பாதரசத்தைத் தொடக் கூடாது. ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். அவர் கந்தகத் தூளைத் தூவி மூடுவார்.

முதல் நிமிடங்கள் நம் கையில்

காஹாங்கிலிருந்து குளுவாங் மருத்துவமனைக்குச் சாலை வழியே போய்ச் சேர ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். 999க்கு அழைத்துவிட்டு வாகனத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு கண்ணைக் காப்பாற்றவும் முடியும், இழக்கவும் முடியும். எனவே பயிற்சியின் முக்கியமான பகுதி இதுதான்.

கண்ணில் இரசாயனம் தெறித்தால் உடனே ஓடும் நீரில் கழுவ வேண்டும். குறைந்தது 15 நிமிடம். இமைகளை விரலால் விரித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்க எளிது. எங்கள் பயிற்சியில் கடிகாரம் வைத்துச் செய்து பார்த்தோம். நான்காம் நிமிடத்திலேயே பலருக்கு 'போதும்' என்று தோன்றிவிட்டது. உண்மையில் நடக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று நேரம் பார்த்தால்தான் 15 நிமிடம் நிற்க முடியும் என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குக் கொடியது. பெரும்பாலான அமிலங்கள் திசுவின் புரதத்தை உறையச் செய்கின்றன. உறைந்த அடுக்கு மேலும் உள்ளே போவதை ஓரளவு தடுக்கிறது. காரமோ கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றிக் கரைத்துக்கொண்டே உள்ளே போகிறது. என் கனிமநீர் போத்தலை நினைத்துப் பாருங்கள்.

'அமிலம் பட்ட இடத்தில் காரம் ஊற்றி நடுநிலையாக்கலாமே, சிக்கு?' என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. ஆனால் நடுநிலையாக்கல் வெப்பத்தை வெளியிடும் வினை. வெந்த தோலில் இன்னொரு சூடு எதற்கு? நிறைய நீர் ஊற்றினால் பொருளும் போகும், வெப்பமும் போகும்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அரிக்கும் பொருள் திரும்பி வரும்போது தொண்டையை இரண்டாம் முறை எரிக்கும். போத்தலையோ லேபிளையோ மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோங்கள். என்ன பொருள் என்று தெரிந்தால்தான் மருத்துவரால் விரைந்து செயல்பட முடியும். அவர்களுக்கு வழிகாட்ட, பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சுத் தகவல் மையமும் இருக்கிறது. ஆனால் பெயரில்லாத போத்தலைக் காட்டி எந்த மையத்திடம் என்ன கேட்பது?

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. வீட்டில் பெயரில்லாத போத்தல்களைத் தேடுங்கள். திறக்காதீர்கள், முகராதீர்கள். பெரியவரிடம் காட்டி, என்னவென்று தெரிந்தால் பெயரையும் நாளையும் எழுதி ஒட்டுங்கள். குடிநீர் போத்தலில் இருந்தால் வேறு கலனுக்கு மாற்றும்படி பெரியவரிடம் சொல்லுங்கள்.

2. ஏதேனும் ஒரு துப்புரவுப் பொருளின் லேபிளை முழுவதும் படித்து, அதிலுள்ள எச்சரிக்கையை வீட்டிலுள்ளவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். வெளிற்றும் திரவத்தோடு அமிலம் கலந்த கழிவறைத் துப்புரவுத் திரவத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு வரும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

3. பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண் கழுவும் இடம், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி ஆகிய மூன்றும் எங்கே என்று பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, நண்பனின் கையைப் பிடித்து, உங்கள் மேசையிலிருந்து கண் கழுவும் இடத்துக்கு நடந்து பாருங்கள். கண்ணில் பொருள் பட்டவருக்குப் பார்வை இருக்காது அல்லவா?

4. உங்கள் ஆய்வுக்கூட உதவியாளரிடம் ஒரு நாள் பேசுங்கள். நீங்கள் வருவதற்கு முன் கரைசலைத் தயாரிப்பவரும், நீங்கள் போன பின் கழிவைப் பிரிப்பவரும் அவர்தான். ஆசிரியருக்கும் மாணவருக்கும் தெரியாத பல செய்திகள் அவருக்குத் தெரியும்.

என்னைக் காப்பாற்றிய அந்த உதவியாளர் அன்று என்னைத் திட்டவில்லை. போத்தலைக் காலி செய்து, கழுவி, நசுக்கிக் குப்பையில் போட்டார். பிறகு ஒரு லேபிள் சுருளையும் கறுப்பு மைப் பேனாவையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இன்றும் என் அங்கிப் பையில் அந்த இரண்டும் இருக்கும். கரைசலை ஊற்றும் முன்பே பெயரை எழுதி ஒட்டிவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், மாணவர்களே. அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் ஒரு போத்தலை எடுக்கும்போது, அதில் இருப்பது என்ன என்று முதலில் படியுங்கள். பெயர் இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.